இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

தோருன் க்வெர்ன்முவுக்கு மலம் அருவருப்பு இல்லை. ஊராட்சியின் கழிவுநீர் நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. வடிகட்டிக் கம்பியில் சிக்கிய துணியையும் முடியையும் கொழுப்புக் கட்டியையும் கையுறையோடு அள்ளிப் போடுவாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் நிதானமாகத் தின்பாள். அழுக்கு அழுக்காக இருப்பதில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. அவள் வயிற்றைப் புரட்டுவது வேறு. முகத்துக்கு நேரே யாராவது சர்க்கரை தடவிப் பேசினால் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

போன வருஷம் பனி உருகும் சமயத்தில் அவளுடைய வலது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த கட்டிகளையும் தோண்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். பிழைத்த குற்றத்துக்கு ஊரே கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலைக் குழைத்து, முன்னைவிட நன்றாக இருக்கிறாய் என்றார்கள். தலையில் மயிர் இல்லை, முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முன்னைவிட நன்றாக இருக்கிறாளாம்! அந்தக் கேக்கையெல்லாம் அவள் கோழிகளுக்குப் போட்டாள். கோழிகள் கொழுத்தன.

அவளுக்குத் துப்பாக்கி சுடுவது பிடித்துப்போனதற்கே காரணம் இந்தக் குமட்டல்தான் என்று நான் நினைக்கிறேன். அறுநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கிற அட்டைக்கு உபசாரம் தெரியாது. குண்டு போன இடத்தில் ஓட்டை இருக்கும், போகாத இடத்தில் இருக்காது. மாவட்ட அணியில் ஆறு பேர். அதில் ஒருத்தியாக அவள் எத்தனையோ கோடைக்காலம் தரையில் குப்புறப் படுத்துச் சுட்டிருக்கிறாள். அடுத்த ஜூனில் அணிக்குத் தேர்வு. அந்த இடம் இன்னும் தன்னுடையதா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லை என்று வந்தாலும் வாங்கிக்கொள்வாள். ஆனால் வருகிற பதில் நிஜமாக இருக்க வேண்டும். அந்த வருஷம் அவள் வேறெதையும் யாரிடமும் கேட்கவில்லை.

வலது தோளில் துப்பாக்கியை வைக்க முடியாது. தழும்பின் மேல் அது உதைத்தால் கண்ணில் பூச்சி பறக்கிறது. ஆகவே இடது தோள். ஐம்பத்தாறு வயதில், கை மாற்றி, கண் மாற்றி, புதிதாகக் கற்க வேண்டும். பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் இழுத்துத் தள்ள வேண்டிய போல்ட் வலது பக்கம் இருக்கிறது. இடது தோளில் வைத்துக்கொண்டு அதை இழுப்பது தலைக்கு மேலே கை சுற்றிக் காதைத் தொடுகிற மாதிரி. அதனால் துப்பாக்கியையே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தாள்.

இந்தச் செய்தி துப்பாக்கிச் சங்கத்துக் குடிலில் பரவியது. சங்கத்துக் குடில் என்றால் என்ன? ஈரக் கம்பளி வாடை, தீய்ந்த காபி, நமுத்துப்போன வாஃபிள், நடுவே நீள மேஜை. அந்த மேஜையில் ஆண்கள் தங்கள் துப்பாக்கிகளைப் பிள்ளை பெற்றவர்கள் மாதிரி கிடத்திவைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். சங்கத் தலைவர் ஹல்வரின் துப்பாக்கிக் கட்டையில் நீலமும் வெள்ளியுமாகத் தீப்பிழம்பு வரைந்திருக்கும். அதன் தொலைநோக்கியில் நிலாவில் இருக்கிற பள்ளத்தை எண்ணலாம். அதை வைத்து அவர் ஒரு குண்டுக்குப் பத்துப் புள்ளியில் எட்டுக்கு மேல் அடித்து யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புது உறுப்பு வாங்கி மாட்டுவார். போன முறை விசை சரியில்லை, அதற்கு முந்தின முறை குழல் சரியில்லை. மாட்ட வேண்டிய உறுப்பு கழுத்துக்கு மேலே இருக்கிறது என்று தோருன் ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். அது அறுவைச் சிகிச்சைக்கு முன்னால். அப்போது அவரும் பதிலுக்குத் திட்டினார். இப்போது திட்டுவதில்லை. அவரும் தலையைச் சாய்க்கிறார்.

"மணல் பை மேல துப்பாக்கிய வச்சுச் சுடுற பிரிவு ஒண்ணு இருக்கே தோருன்," என்றார். "வயசானவங்க, முடியாதவங்க எல்லாம் அதுலதான் சுடுறாங்க. யாரு என்ன சொல்லப்போறா?"

"யாரும் ஒண்ணும் சொல்லமாட்டீங்க. அதுதான் சகிக்கலை."

வாஃபிளைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் யோஸ்டெய்ன் என்று ஒரு துப்பாக்கிக் கொல்லன். வாயைத் திறந்தால் வசவு. அவள் விஷயத்தைச் சொன்னதும், இந்த வயதில் தோள் மாற்றுவது கிறுக்குத்தனம், பேசாமல் மீன் பிடிக்கப் போ என்றான். தோருனுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த தரையிலேயே அவளைக் குப்புறப் படுக்கச் சொன்னான். ஒரு தடியைக் கையில் கொடுத்து இடது தோளில் வைக்கச் சொல்லி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். அப்போதுதான் சங்கத்தில் அத்தனை வாய்களும் சேர்ந்து யோசிக்காத சிக்கல் தெரிந்தது. இடது தோளில் சுட்டால் துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்குவது வலது கை. அக்குளைத் தோண்டிய அதே கை. துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும், ஆனால் கை வீங்கும். இலேசாக இருந்தால் கை பிழைக்கும், தோள் போகும். இரண்டு பக்கமும் இடி.

அவர்கள் இரண்டு பேரும் அந்தத் தரையில் உட்கார்ந்து சண்டை போட்டுச் சண்டை போட்டுத்தான் அந்தத் துப்பாக்கி உருவாயிற்று. முதலில் தோட்டாவைத் தேர்ந்தார்கள். ஊரே கொண்டாடுகிற ஆறரை மில்லிமீட்டரை விட்டுவிட்டு, உதை குறைந்த ஆறு மில்லிமீட்டர். காற்று அதைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும், அது தன் பாடு, காற்றைப் படிக்கத் தனக்குத் தெரியும் என்றாள். தோட்டா சின்னது என்பதால் குழல் தடியாக இருக்க வேண்டியதில்லை. குழலைக் கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். முன்னால் குறைத்த கனத்தைப் பின்னால் கொண்டுபோய், தோளில் பதிகிற பக்கத்தில் கட்டைக்குள் ஈயமாக வைத்தார்கள். அதனால் கனமெல்லாம் தோளோடு ஒட்டி உட்கார்ந்தது, வலது கைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை மட்டும் மிச்சமிருந்தது. இடது பக்கத்து போல்ட். பூச்சு இல்லை, மினுக்கு இல்லை. கட்டை ஒட்டுப் பலகையில் செய்தது, பார்க்கச் சமையலறை மேஜை மாதிரி இருக்கும். தொலைநோக்கி நடுத்தரம். கோடையில் தரை சூடாகிக் கானல் ஆடும்போது பெரிதாக்கிப் பார்த்தால் கானல்தான் பெரிதாகத் தெரியும் என்பதை அவள் அனுபவத்தில் அறிவாள்.

குழலை மாட்டி, தோட்டா உட்காரும் ஆழத்தை அளவுகோல் போட்டுச் சரிபார்த்துக் கொடுத்தது யோஸ்டெய்ன். மற்றதெல்லாம் நானே பூட்டுவேன் என்று எடுத்துக்கொண்டு வந்தாள். கழிவுநீர் நிலையத்துப் பட்டறையில் நல்ல பிடிப்புக் குறடு இருக்கிறது, தொந்தரவு செய்ய ஆள் வராது. நாற்றத்துக்குப் பயந்து ஹல்வர் அங்கே எட்டிப் பார்க்கமாட்டார் என்பது கூடுதல் லாபம்.

அங்கேதான் அவள் ஒரு கூத்து பண்ணினாள். இரும்பு மரத்தில் ஆடாமல் உட்கார வேண்டும் என்பதற்காகக் கட்டையின் பள்ளத்தில் பசையை ஊற்றி, அதன்மேல் துப்பாக்கியின் உடலை வைத்து இறுக்குவார்கள். பசை இறுகியதும் பள்ளம் இரும்பின் அச்சை அப்படியே எடுத்துக்கொள்ளும். இரும்பு ஒட்டிக்கொள்ளாமல் வெளியே வர, முதலில் அதில் மெழுகு பூச வேண்டும். எங்கள் ஊரில் அதற்குத் தனியாக மெழுகு வாங்குகிறவன் கிடையாது. பனிச்சறுக்குக் கட்டைக்குப் பூசுகிற வழுக்கு மெழுகே போதும். தோருன் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துப் பூசினாள். அவள் எடுத்தது மேடு ஏறும்போது பனியைப் பற்றிக்கொள்வதற்காகப் பூசுகிற ஒட்டுக் களிம்பு. மறுநாள் காலையில் இரும்பும் மரமும் ஒரே உடம்பாக இருந்தன.

தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. பிறந்ததிலிருந்து பனிச்சறுக்குக் கட்டையில் நடப்பவள் களிம்பைத் தெரியாமல் எடுப்பதா? துப்பாக்கியைக் கொண்டுபோய்க் பட்டறைக்கு வெளியே, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி உறைபனியில் போட்டாள். குளிரில் இரும்பு சுருங்கும். அடுத்த நாள் ரப்பர்ச் சுத்தியால் தட்டினாள். பல் பிடுங்குகிற சத்தத்தோடு கழன்று வந்தது. ஒட்டியிருந்த பசையையெல்லாம் உளியால் சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தாள். விஷயம் எப்படியோ கசிந்து ஊர் முழுக்கச் சிரித்தது. யோஸ்டெய்ன் போனில் சிரித்துச் சிரித்து இருமினான். அது அவளுக்கு இதமாகத்தான் இருந்தது.

சிரிக்காதது அவள் புருஷன் எய்லிவ் ஒருவன்தான். பள்ளிக்கூடத்துக் கட்டடங்களைப் பராமரிக்கிறவன். நல்ல மனுஷன் என்று ஊரில் பேர். முன்னெல்லாம் அவள் உப்பு அதிகமாகப் போட்டால்கூட ஒரு வாரம் கேலி செய்வான். இப்போது, "பரவாயில்ல, யாருக்கும் நடக்கிறதுதான்," என்று சொல்லிவிட்டுக் காபி ஊற்றிக் கொடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்ததிலிருந்தே அவன் பேச்சில் பஞ்சு வைத்த மாதிரி ஒரு மென்மை வந்திருந்தது. தோருன் அந்தக் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

பனி போனதும் தினமும் பயிற்சி. வலது கண் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டு பார்க்கிறது என்று கண்ணாடியின் வலது பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டினாள். முதல் மாதம் அட்டையையே தொடவில்லை. இரண்டாம் மாதம் ஏழும் எட்டும் வந்தன. மே மாதக் கடைசியில் ஒருநாள் குண்டுகள் எல்லாம் ஒரு தட்டுக்குள் அடங்கும் அளவுக்கு விழுந்தன. அன்றைக்கு அவள் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்க் கழிவுத் தொட்டி ஒன்றை விசில் அடித்துக்கொண்டே சுத்தம் செய்தாள்.

தேர்வு நாளில் காற்று பள்ளத்தாக்கின் கீழிருந்து மேலே விட்டுவிட்டு அடித்தது. எங்கள் மைதானத்தில் மின்னணுப் பலகை இல்லை. குண்டு பாயும் மேட்டுக்கு முன்னால் பள்ளம் வெட்டி, அதற்குள் ஆட்கள் இருப்பார்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் அட்டையைக் கீழே இறக்கி, புது ஓட்டையில் ஆரஞ்சு வட்டு ஒன்றைச் செருகி, பழைய ஓட்டையின் மேல் காகிதம் ஒட்டி, மேலே ஏற்றிக் காட்டுவார்கள். தன் வீட்டு ஆள் சுடுகிற அட்டைக்கு யாரும் நிற்கக் கூடாது என்பது வழக்கம். அன்றைக்குப் பள்ளத்து ஆட்களில் எய்லிவும் ஒருவன்; அவனுக்குக் கொடுத்தது நாலாம் அட்டை. தோருனுடையது ரெண்டு. அவன் பள்ளத்துக்குள் இறங்கியதும் ரெண்டாம் அட்டைக்காரனோடு இடம் மாற்றிக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

பத்துக் குண்டு. ஒன்பது முடிந்தபோது அவள் கணக்கு தெளிவாக இருந்தது: கடைசிக் குண்டு நடுவில் இருக்கிற பத்துப் புள்ளி வட்டத்துக்குள் விழுந்தால் அணியில் இடம், ஒன்பது விழுந்தால் வீடு. ஒன்பதாம் குண்டு நட்டநடுவில் போயிருந்தது, ஆரஞ்சு வட்டு அங்கே பொட்டு மாதிரி தெரிந்தது. காற்று தணியக் காத்திருந்தாள். காற்றைக் காட்டுகிற கொடி தொங்கியதும் விசையை அழுத்தினாள். துப்பாக்கி நேராகப் பின்னால் வந்து தோளில் உட்கார்ந்து, திரும்பவும் நேராகப் போய் அதே இடத்தில் நின்றது. நல்ல சூட்டைச் சுட்டவருக்கு அட்டையைப் பார்க்கத் தேவையில்லை. நடு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அட்டை இறங்கியது. இறங்கியது ஏறவில்லை. கொடி இரண்டு முறை எழும்பித் தணிந்த பிறகு ஏறியது. ஆரஞ்சு வட்டு பத்தின் விளிம்பில், வலது மேல் மூலையில் இருந்தது.

பின்னால் கைதட்டினார்கள். ஹல்வர் வந்து முதுகில் தட்டினார், அதுவும் இடது பக்கமாகப் பார்த்துத் தட்டினார். தோருனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பத்துதான், அணியில் இடம்தான். ஆனால் தான் நடு என்று சொன்ன குண்டு விளிம்புக்கு எப்படிப் போகும்? தொலைநோக்கி நகர்ந்துவிட்டதா, கட்டைக்குள் பசை விரிசல் விட்டதா என்று யோசித்தாள். துப்பாக்கி பொய் சொன்னால் திருத்த வேண்டும். அட்டையை நேரில் பார்க்கலாம் என்று, சுடுவது முடிந்து அபாயக் கொடிகளை இறக்கிய பிறகு பள்ளத்துக்கு நடந்தாள்.

எய்லிவ் ரெண்டாம் அட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இன்னும் வேகமாகச் சுருட்டினான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கி விரித்தாள்.

குண்டு போன ஓட்டை வட்டமாக இருக்கும். ஓரத்தில் பேனாவால் கோடு இழுத்த மாதிரி ஒரு கறுப்பு வளையம் இருக்கும், குழலின் கரியைக் குண்டு அங்கே துடைத்துவிட்டுப் போகும். சுடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விளிம்பில் இருந்த ஓட்டையில் வளையம் இல்லை. காகிதம் பிய்ந்து உள்பக்கமாக மடங்கியிருந்தது. பென்சில் குத்திய ஓட்டை.

அவளுக்கு நிஜமாகவே வாய்க்குள் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அப்படி. கால்நூற்றாண்டு சாக்கடையில் வராதது அங்கே வந்தது.

"ஓட்டையே காணலை தோருன்," என்றான் எய்லிவ். குரலில் அந்தப் பஞ்சு. "அட்டையே தப்பிப் போயிருக்கும்னு நினைச்சேன். இவ்வளவு பாடுபட்டு..."

நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தின் நுனியை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்தாள். ஒன்பதாம் குண்டின் ஓட்டை அங்கே இருக்க வேண்டும். இருந்தது. அதோடு ஒட்டிப் பிறந்த மாதிரி இன்னொன்றும் இருந்தது. இரண்டு ஓட்டை, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி, எட்டுப் போட்ட மாதிரி. இரண்டைச் சுற்றியும் கறுப்பு வளையம். பத்தாம் குண்டு ஒன்பதின் வட்டைத் துளைத்துக்கொண்டு நடுவிலேயே போயிருந்தது. புது ஓட்டை தெரியவில்லை என்றால் முதலில் வட்டைக் கழற்றிப் பழைய ஓட்டையைப் பார்க்க வேண்டும் என்பது பள்ளத்தில் நிற்கிறவனுக்கு முதல் பாடம். எய்லிவ் வட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கீழே பார்க்காமலே காகிதத்தை ஒட்டி, கட்டை விரலால் அழுத்தியும் விட்டிருந்தான்.

அவள் அந்த அட்டையை ஹல்வரிடம் கொண்டுபோய் மேஜையில் விரித்து நடந்ததைச் சொன்னாள். ஹல்வர் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பத்துக்குப் பத்து, மொத்தம் மாறவில்லையே, நல்ல நாளும் அதுவுமாக ஏன் கிளற வேண்டும் என்றார். எல்லாம் உன் நல்லதுக்குத்தானே என்று வேறு சேர்த்துக்கொண்டார். தோருன் நகரவில்லை. விளிம்பில் இருந்த பத்தை அடித்துவிட்டு நடுவில் இருந்த பத்தை எழுதும்வரைக்கும், எய்லிவ் இந்தப் பருவம் முடியும்வரை பள்ளத்தில் இறங்கக் கூடாது என்று அவர் எல்லோர் முன்னாலும் சொல்லும்வரைக்கும், அங்கேயே நின்றாள். வாஃபிள் தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டையே பார்த்தார்கள். அணியில் அவளுக்கு இடம் கிடைத்தது. யாரும் கைதட்டவில்லை.

திரும்பும்போது அவள்தான் வண்டியை ஓட்டினாள். ஆற்றோரச் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் எய்லிவ் பேச ஆரம்பித்தான்.

"நான் பயந்துட்டேன் தோருன். இதுவும் கையைவிட்டுப் போனா நீ தாங்குவியான்னு."

"நீ பயப்படலை. நான் அடிக்கமாட்டேன்னு முடிவு பண்ணிட்ட. அதான் தேடலை."

அறுத்து அடுக்கிய மரங்கள் இருந்த திருப்பத்துக்கு வந்ததும் அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கு, தழும்பு ஒண்ணும் அசிங்கமா இல்லைன்னு சொன்ன. அதையாவது பாத்துட்டுச் சொன்னியா?"

எய்லிவ் ஜன்னல் பக்கம் திரும்பினான். அன்றைக்கு விளக்கை அணைத்தது அவன்தான். அதற்குப் பிறகும் அவள் உடை மாற்றும்போதெல்லாம் அவனுக்கு வேறு அறையில் ஏதாவது வேலை இருந்தது.

"இல்ல," என்றான். "இன்னும் பாக்கலை."

தோருன் மரங்களுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். சுடும்போது போடுகிற தடித்த சட்டையின் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்சட்டையையும் விலக்கினாள். வெயில் நேராக அவள்மேல் விழுந்தது.

"இப்ப பாரு. பாத்துட்டுச் சொல்லு."

அவன் பார்த்தான். பார்வையை எடுக்க நினைத்து எடுக்காமல் பார்த்தான். விலாவிலிருந்து அக்குள்வரை ஓடிய சிவப்பு வரப்பையும், அதன் இரண்டு பக்கமும் குழிந்து சுருங்கிய தோலையும் பார்த்தான்.

"அசிங்கமாத்தான் இருக்கு," என்றான்.

"ஆமா, அசிங்கம்தான்," என்றாள் தோருன். பட்டைகளைப் பூட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். வீடு வரும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அந்தக் குமட்டல் நின்றுபோயிருந்தது.